தொன்கொட்சு ராமென்: குருமேயில் தொடங்குவதா, ஹகாட்டாவில் தொடங்குவதா?

நெல்லைப்பயணி

அனைவருக்கும் வணக்கம். ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. வரும் விடுமுறையில் எட்டு நாள் கியூஷு தீவுக்குச் செல்கிறேன். பன்றி எலும்பைக் காய்ச்சி எடுத்த சாற்றில் பரிமாறும் தொன்கொட்சு ராமெனை அது பிறந்த மண்ணிலேயே சாப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தப் பயணத்தின் முதல் நோக்கம். இங்கே நான்கைந்து கடைகளில் சாப்பிட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் பால் போன்ற சாறு, மெல்லிய நூடுல்ஸ், மேலே இரண்டு துண்டு இறைச்சி என்றுதான் வந்தது. ஒரு கடைக்கும் மற்றொரு கடைக்கும் வேறுபாடு என் நாக்குக்குப் பிடிபடவில்லை. ஒரு கடையில் கதவைத் திறந்ததும் வீசிய வாடையைத் தாங்க முடியாமல் உட்காராமலே திரும்பிவிட்டேன்.

ஃபுகுவோக்கா நகரின் ஹகாட்டாவில் ஐந்து நாள் தங்கி, பெயர் பெற்ற கடைகளை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரியான திட்டமா? அந்த வாடை எல்லாக் கடைகளிலும் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

குருமேவாசி

நண்பரே, வணக்கம். ஒன்பது ஆண்டுகளாக, ஃபுகுவோக்கா நகருக்குத் தெற்கே உள்ள குருமேயில் குடியிருக்கிறேன். ஹகாட்டாவில் ஐந்து நாள் சாப்பிட்டால், ஒசாகாவில் சொன்ன அதே குறையைத்தான் திரும்பி வந்தும் சொல்வீர்கள் என்று அஞ்சுகிறேன். ஹகாட்டாவின் கிண்ணம் தரத்தில் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஒசாகாவில் சாப்பிட்டது பெரும்பாலும் ஹகாட்டாப் பாணிதான். உலகம் முழுவதும் தொன்கொட்சு என்ற பெயரில் பரவியிருப்பதும் அதுவே. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே முகம் என்று சொல்வது போல ஆகிவிடும். அந்தக் குடும்பத்தின் மற்ற முகங்களைப் பார்க்க வேண்டுமென்றால் குருமேயில் தொடங்குங்கள்.

1937-ஆம் ஆண்டு குருமேயில் மியாமொட்டோ தொகியோ என்பவர் நடத்திய ‘நான்கின் சென்ரியோ’ என்ற தள்ளுவண்டிக் கடையில்தான் பன்றி எலும்புச் சாற்று ராமென் முதலில் விற்கப்பட்டது. அவர் நாகசாகிப் பக்கத்து ஷிமபாராவைச் சேர்ந்தவர். அவருடைய ஊர்ப் பக்கத்தில் சம்பொன் என்னும் சீன வழி நூடுல்ஸுக்குப் பன்றி எலும்பைக் காய்ச்சும் வழக்கம் ஏற்கெனவே இருந்தது. தோக்கியோ, யோகோஹாமா பக்கம் அப்போது புகழ் பெற்றிருந்த சீன நூடுல்ஸோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். ஆனால் அன்றைய சாறு இன்று நாம் காணும் வெள்ளைச் சாறு அல்ல, அடி தெரியும் தெளிந்த சாறு.

வெள்ளைச் சாறு வந்தது போருக்குப் பின்னர். 1947-இல் அதே குருமேயில் ‘சான்கியூ’ என்ற வண்டிக்கடையைத் தொடங்கிய சுகினோ கத்சுமி ஒரு நாள் வெளியே சென்றிருந்த நேரத்தில், மெல்ல வேக வேண்டிய சாறு பெருந்தீயில் தளதளவென்று கொதித்து வெளுத்துக் கலங்கிவிட்டது. கெட்டுவிட்டதென்று கொட்டப் போனவர் ஒரு வாய் ருசி பார்த்தார், அதன் பிறகு அவர் கொட்டவில்லை. ஊரில் எல்லாரும் சொல்லும் கதை இது.

இனிமேல் உங்கள் பயணத்துக்குப் பயன்படும் பகுதி. சான்கியூ கடை குருமேயோடு நிற்கவில்லை. சுகினோ 1951-இல் வடக்கே கொகுராவுக்குப் பெயர்ந்தார். 1952-இல் தெற்கே தமானாவில் அதே பெயரில் கடை திறக்கப்பட்டது. குமாமோட்டோவில் கடை வைக்க எண்ணியிருந்த சிலர் தமானாவுக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்து, அந்தச் சாற்றைத் தங்கள் ஊருக்கு எடுத்துச் சென்றார்கள். மேற்கே சாகாவுக்கும் இதே வழியாகத்தான் போனது. ரயில் பாதையின் வரைபடத்தை விரித்து, சாறு போன வழியை அதன்மேல் ஒரு கோடாக வரைந்து பாருங்கள். அந்தக் கோட்டின் மேலேயே நீங்களும் போகலாம். ஒவ்வொரு ஊரிலும் எது மாறியது, ஏன் மாறியது என்பது அப்போது உங்கள் நாக்குக்கே தெரியும்.

எதோகவா

குருமேவாசி அண்ணன் சொன்ன வரலாற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். குருமேயிலிருந்துதான் எல்லாமே கிளைத்தது என்று ஒற்றைக் கோடாக வரைந்தால் ஹகாட்டாவுக்கு நியாயம் செய்ததாகாது. ஹகாட்டாவில் ‘அகாநோரென்’ கடை 1946-இலேயே தொடங்கப்பட்டது, அதாவது சான்கியூவுக்கு ஓராண்டு முன்னரே. அதைத் தொடங்கிய சுதா ஷிகெரு போர்க்காலத்தில் மஞ்சூரியாவில் இருந்தவர். அங்கே சாப்பிட்ட ஒரு நூடுல்ஸின் நினைவிலிருந்து தம் சாற்றை உருவாக்கினார். அங்கே இன்றும் தட்டை நூடுல்ஸ்தான் போடுகிறார்கள். ஆகவே ஹகாட்டாவின் வெள்ளைச் சாற்றுக்குத் தனி ஊற்று ஒன்று உண்டு.

அடுத்து, வாடை. அதைத் தொன்கொட்சுவின் அடையாளம் என்று கொண்டாடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எலும்பிலிருந்து இரத்தத்தைச் சரியாக எடுக்காமல் காய்ச்சினால் கவிச்சி அடிக்கும், அது வேலையில் உள்ள குறைதான். 1985-இல் ஃபுகுவோக்காவின் தைம்யோ பகுதியில் ‘இப்புதோ’வைத் திறந்த கவஹாரா ஷிகெமி, பெண்கள் தனியாக வரத் தயங்காத, வாடை வீசாத தூய்மையான ராமென் கடை வேண்டும் என்று எண்ணித்தான் தொடங்கினார். சாறு காய்ச்சுவதில் அவர் காட்டிய கவனத்தால்தான் தொன்கொட்சு நியூயார்க் வரை போக முடிந்தது. நண்பர் வாசலிலிருந்து திரும்பி வந்ததில் தவறேதும் இல்லை.

குருமேவாசி

அகாநோரென் பற்றிச் சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். ஹகாட்டாவைத் தனி ஊற்றாகவே வைத்துக்கொள்வோம்.

வாடை பற்றி மட்டும் பொறுமையாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு வேறு வாடைகளை ஒன்றாக்கிவிடுகிறோம். இரத்தம் போகாத எலும்பின் கவிச்சி ஒன்று. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். நாள்கணக்கில் காய்ந்து எலும்பின் உள்மச்சை வரை கரைந்த சாற்றின் முற்றிய வாசம் மற்றொன்று. இரண்டாவதைக் குறை என்று சொல்வது, பழைய சோற்றின் புளிப்பைக் குறை என்று சொல்வதற்குச் சமம்.

குருமேயில் ‘யோபிமொதோஷி’ என்றொரு முறை இருக்கிறது. ‘திரும்ப அழைத்தல்’ என்று பொருள் கொள்ளலாம். கொப்பரையை ஒரு நாளும் முழுதாகக் காலி செய்வதில்லை. முற்றிய சாறு உள்ள கொப்பரையில் குறையும் அளவுக்கு, அடுத்த கொப்பரையிலிருந்து இளஞ்சாற்றை மொண்டு ஊற்றுவார்கள். அந்த அடுத்த கொப்பரையில் புதிய எலும்பு விழும். பழைய சாறும் புதிய சாறும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றன. நம் வீட்டில் நேற்றைய மோரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்குள் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். 1953-இல் தொடங்கிய ‘தாய்ஹோ’ கடை இந்த முறைக்குப் பெயர் பெற்றது. இதற்கு எதிர் முறை, அன்றைக்குக் காய்ச்சியதை அன்றைக்கே தீர்த்துவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்குவது. வாடை குறைந்த கடைகள் பெரும்பாலும் அந்த வழியில் செல்பவை.

குருமேயில் ஒரு கடையின் அடுப்புக்கு நேர் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஆள் நின்றால் இடுப்பளவு வரும் இரும்புக் கொப்பரை, அதில் படகுத் துடுப்பளவு நீண்ட மரக்கட்டை. முதியவர் ஒருவர் அந்தக் கட்டையை உள்ளே விட்டு அடியிலிருந்து புரட்டுகிறார். புரட்டும்போதெல்லாம் எலும்புகள் இரும்பில் மோதிக் கடகடவென்று ஓசை வருகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த ஓசை மந்தமாகிறது, எலும்பு நொறுங்கத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். மேலே எழும் நுரை நீர்க்குமிழி போல உடையவில்லை, கடலை மாவைக் கரைத்தது போல மெத்தென்று நிற்கிறது. கிண்ணத்துக்கு வந்த சாற்றின் ஓரங்களிலும் அதே சிறு நுரை. அங்கே வாசம் கனமாகத்தான் இருந்தது. முதல் வாய் உள்ளே போன பிறகு மூக்கு அதைப் பற்றிப் புகார் சொல்லவில்லை.

அடுப்பங்கரை

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் பலமுறை தொன்கொட்சு காய்ச்சிய அனுபவத்தில் மேலே உள்ள விவாதத்துக்கு ஒரு விளக்கம் தர முடியும் என்று நினைக்கிறேன்.

சாறு வெளுப்பதற்குப் பாலோ மாவோ காரணமில்லை. எலும்பை ஒட்டிய சவ்விலும் குருத்தெலும்பிலும் உள்ள கொலாஜன், நெடுநேரம் வெந்ததும் ஜெலட்டினாகக் கரைகிறது. எலும்பு மச்சையிலும் இறைச்சியிலும் உள்ள கொழுப்பு உருகி மேலே மிதக்கிறது. மெல்லிய தீயில் வைத்தால் அந்தக் கொழுப்பு மிதந்துகொண்டே இருக்கும், அடியில் சாறு தெளிவாக நிற்கும். பெருந்தீயில் கொதி புரளும்போது கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி நீருக்குள் போகிறது. ஜெலட்டின் அந்தத் துளிகளைச் சூழ்ந்து மறுபடியும் ஒன்றுசேர விடாமல் தடுக்கிறது. ஒளி அந்தத் துளிகளில் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளை. குருமேயில் அன்று தற்செயலாக நடந்தது இதுதான்.

நான் செய்த பெரிய பிழை பிரஷர் குக்கரை நம்பியது. மூடிய குக்கருக்குள் கொதி புரளுவதில்லை. எலும்பு மெத்தென்று வெந்துவிட்டது, சாறு மட்டும் தெளிவாகவே வந்தது. பிறகு மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம் பெருந்தீயில் வைத்த பிறகே வெளுத்தது. இப்போது இப்படிச் செய்கிறேன்: தொடை எலும்பைக் கசாப்புக் கடையிலேயே குறுக்கே வெட்டி வாங்கிக்கொள்வேன், கூடவே பன்றிக் கால் இரண்டு. இரவு முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒவ்வொரு எலும்பாகக் குழாயடியில் பிடித்து, எலும்பின் பொந்துகளில் கறுத்து உறைந்திருக்கும் இரத்தத்தைப் பழைய பல்துலக்கியால் துருவி எடுப்பேன். இந்த வேலைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். இதைச் செய்தால் எதோகவா சொன்ன கவிச்சி வராது. செய்யாவிட்டால் எத்தனை பூண்டு போட்டாலும் போகாது. அதன் பிறகு பன்னிரண்டு மணி நேரம், வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு.

குருமேவாசி சொல்லும் முற்றிய வாசத்தை என்னால் வீட்டில் ஒருபோதும் கொண்டுவர முடிந்ததில்லை. ஒரே நாளில் அது வராது.

நெல்லைப்பயணி

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன்: முதலில் குருமே, அங்கிருந்து தெற்கே தமானா, குமாமோட்டோ, ககோஷிமா, கடைசி இரண்டு நாள் மட்டும் ஹகாட்டா.

ஒரு நடைமுறை ஐயம். ஹகாட்டாக் கடைகளில் உட்கார்ந்ததுமே நூடுல்ஸ் எந்தப் பதம் என்று கேட்கிறார்களாமே? என் ஜப்பானிய மொழி அலுவலகத்தோடு சரி, கடைமொழி தெரியாது. என்ன சொல்ல வேண்டும்?

மீன்சந்தை

ஃபுகுவோக்கா நகரில் நாகஹாமாவின் மீன்சந்தைக்குப் பக்கத்தில் நான்கு ஆண்டு குடியிருந்தவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

பதத்தைக் கேட்கும் வழக்கத்தைப் புரிந்துகொள்ள அந்தச் சந்தையைப் புரிந்துகொள்ள வேண்டும். மொத்த விற்பனை மீன்சந்தை 1955-இல் நாகஹாமாவுக்கு வந்தது. ஏலத்துக்கும் ஏலத்துக்கும் இடையில் சில நிமிடங்களே கிடைக்கும் உழைப்பாளிகள்தான் அங்கே முதல் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு விரைவாக வேக வேண்டும் என்பதால் நூடுல்ஸை மிக மெல்லியதாக இழுத்தார்கள். மாவில் சேர்க்கும் நீரும் மிகக் குறைவு. மாவின் எடையில் நூற்றுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். நீர் குறைந்த நூடுல்ஸ் கிண்ணத்துக்கு வந்த பிறகும் சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், விரைவில் குழைந்துவிடும். ஆகவே முதலிலேயே நிறையப் போட்டுக் கொடுத்தால் கடைசிப் பாதி கூழாகிவிடும் என்று, சிறிதளவு போட்டுக் கொடுத்து, தீர்ந்ததும் இன்னொரு பிடி நூடுல்ஸை மட்டும் வேகவைத்து அதே சாற்றில் போடும் ‘கயேதமா’ முறை பிறந்தது. 1952-இல் தொடங்கிய ‘கான்சோ நாகஹாமாயா’தான் இதற்கு மூலம் என்பார்கள்.

இனிப் பதங்கள். ‘யாவா’ என்றால் குழைவு, ‘ஃபுட்சு’ என்றால் வழக்கமான பதம், ‘கட்டா’ என்றால் சற்று விறைப்பு, ‘பாரிகட்டா’ என்றால் நல்ல விறைப்பு. அதற்கும் மேலே ‘ஹரிகானே’, அதாவது கம்பி. அதற்கும் மேலே ‘கொனஒதோஷி’, கொதிநீரில் ஒரு முறை முக்கி மேல்மாவை உதறியதோடு சரி. வெளியூரார் பலர் கடைசி இரண்டையும் வீரமாகக் கேட்கிறார்கள். பச்சை மாவின் சுவை நாக்கில் நிற்கும், வயிற்றுக்கும் நல்லதல்ல. ‘கட்டா’ என்று சொல்லுங்கள், அது போதும். கான்சோ நாகஹாமாயாவில் விற்பது ஒரே ஒரு ராமென்தான். ஆகவே பதமும் கொழுப்பின் அளவும் மட்டுமே கேள்வி. கொழுப்பு மிகுதியாக வேண்டுமென்றால் ‘பேட்டா’, வேண்டாமென்றால் ‘நாஷி’.

கயேதமா கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. கிண்ணத்தில் இரண்டு வாய் நூடுல்ஸ் மிச்சமிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். முழுதும் தின்று முடித்துவிட்டுச் சொன்னால் அது வருவதற்குள் சாறு ஆறிவிடும். சாற்றையும் முன்கூட்டியே குடித்துத் தீர்த்துவிடக் கூடாது. இரண்டாம் நூடுல்ஸ் விழுந்ததும் சாற்றின் உப்பு மட்டுப்படும், அதற்காகத்தான் மேசையில் சாற்றுக்கு அடிப்படையான உப்புக் குழம்பைத் தனியே வைத்திருப்பார்கள். எள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், காரமான கடுகுக்கீரை ஊறுகாய் எல்லாம் மேசையில் இருக்கும். முதல் கிண்ணத்தில் எதையும் போடாதீர்கள். சிவப்பு இஞ்சியின் புளிப்பு ஒரு முறை கலந்துவிட்டால் பிறகு சாற்றின் சொந்தச் சுவை திரும்பாது. கயேதமாவுக்குப் பிறகு தாராளமாகப் போடலாம்.

காயல்பறவை

நாங்கள் பன்றி இறைச்சி உண்பதில்லை என்றாலும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவருகிறேன். என் கணவருக்கு ஃபுகுவோக்காவுக்கு மாறுதல் வந்திருக்கிறது. ஊர் முழுவதும் எலும்புச் சாற்று வாசத்தில் வாழப்போகும் எங்களுக்கு, இதே முறையில் கோழியில் காய்ச்சிய சாறு ஏதேனும் அங்கே உண்டா? அடுப்பங்கரை அக்கா சொன்ன விளக்கத்தின்படி கோழிக்காலிலும் இது நடக்க வேண்டுமே?

அடுப்பங்கரை

நடக்கும் அம்மா. கோழிக்கால் முழுக்க முழுக்கச் சவ்வுதான். தோலோடு சேர்த்துப் பெருந்தீயில் வைத்தால் நான்கைந்து மணி நேரத்திலேயே வெளுத்துவிடும். நான் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன்.

மீன்சந்தை

சகோதரி, ஹகாட்டாவுக்கே உரிய ஓர் உணவு இதற்கு விடையாக இருக்கிறது. ‘மிசுதாகி’ என்று பெயர். எலும்போடு வெட்டிய கோழியைத் தண்ணீரில் காய்ச்சி, வெளுத்த சாற்றை முதலில் ஒரு சிறு குவளையில் உப்பு மட்டும் தூவிக் குடித்துவிட்டு, பிறகு இறைச்சியையும் காய்கறியையும் அதே சட்டியில் வேகவிட்டுச் சாப்பிடுவது. ஹயாஷிதா ஹெய்சபுரோ 1905-இல் ‘சுய்கெட்சு’ என்ற கடையைத் தொடங்கி இதை ஊருக்கு அறிமுகப்படுத்தினார். அவர் ஹாங்காங்கில் சமையல் கற்றவர். அதாவது பன்றி எலும்பு வெளுப்பதற்கு நாற்பது ஆண்டு முன்னரே ஹகாட்டாவில் கோழிச் சாறு காய்ச்சத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் கடைகளில் கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்பதை நீங்கள்தான் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பொதுவாக அப்படி இருக்காது. ஹலால் கோழியை வாங்கி வீட்டிலேயே செய்துகொள்வது எளிது.

தெற்குக்கரை

தெற்கே போகும் நண்பருக்காக, குமாமோட்டோவில் மூன்று ஆண்டு படித்தவன் எழுதுகிறேன்.

தமானாவில் சாப்பிட்டுவிட்டுக் குமாமோட்டோவுக்கு வந்ததும் முதலில் மாறுவது பூண்டு. தமானாவிலிருந்து வந்த சாற்றின் கனத்தைக் குமாமோட்டோக்காரர்கள் பூண்டால் சமன் செய்தார்கள், பன்றி எலும்போடு கோழி எலும்பையும் சேர்த்தார்கள், நூடுல்ஸ் பருமனானது. 1954-இல் ‘கொமுராசாகி’ வந்தது, அங்கே வறுத்த பூண்டுச் சில்லுகள் மேலே தூவப்படும். 1955-இல் ஒரு பெண்மணி ‘கெய்கா’வைத் தொடங்கினார். குமாமோட்டோவின் கறுப்பு எண்ணெயான ‘மாயு’வைச் சுவைக்க அங்கே போங்கள். பூண்டைப் பொன்னிறத்தில் எடுப்பது, சிவக்க எடுப்பது, கருக எடுப்பது என்று வெவ்வேறு பதங்களில் எண்ணெயில் வறுத்து ஒன்றாகச் சேர்ப்பார்கள். கருகலின் கசப்பு மட்டும் தனியே வந்தால் தாங்க முடியாது; இளம்பதத்தின் இனிப்பு கூடவே இருப்பதால்தான் அது சுவையாகிறது. வெள்ளைச் சாற்றின் மேல் அந்தக் கறுப்பு வளையம் மெல்ல விரியும்போது கலக்கிவிடாதீர்கள்; கலக்காத பக்கத்திலிருந்து ஒரு வாய், கலந்த பக்கத்திலிருந்து ஒரு வாய் என்று சாப்பிட்டால்தான் அதன் வேலை புரியும். ‘அஜிசென்’ என்ற ராமென் கடை 1968-இல் தொடங்கியதும் இதே ஊரில்தான். தொடங்கியவர் தைவானிலிருந்து வந்தவர், பூண்டை வறுத்துச் சேர்க்கும் பழக்கத்துக்கு அங்கே வேர் இருக்கிறது.

ககோஷிமாவுக்குப் போனதும் குருமேவாசி அண்ணன் வரைந்த கோடு அறுந்துவிடும். குருமேயின் சாறு அங்கே போய்ச் சேரவில்லை. அந்த ஊர் ராமெனுக்குத் தனிப் பிறப்பு. 1947-இல் ‘நொபொருயா’வைத் தொடங்கியவர் யோகோஹாமாவில் செவிலியராகப் பணியாற்றியவர், அங்கே தம்மிடம் சிகிச்சை பெற்ற சீனர் ஒருவரிடம் நூடுல்ஸ் செய்யக் கற்றுக்கொண்டார் என்பார்கள். பன்றி எலும்போடு கோழியும் காய்கறியும் சேர்ந்த, பாதி மட்டுமே கலங்கிய சாறு. மேலே முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம். உட்கார்ந்ததும் தேநீரும் முள்ளங்கி ஊறுகாயும் வைப்பார்கள், கேட்க வேண்டியதில்லை. அங்கே உணவு விடுதிகளின் பட்டியலில் ‘தொன்கொட்சு’ என்று மட்டும் எழுதியிருந்தால் ராமெனென்று எண்ணிவிடாதீர்கள். விலா எலும்பைச் சோயா விழுதில் வேகவைத்த பழைய ககோஷிமாக் குழம்புக்கும் அதுவே பெயர்.

சாகாவுக்கு நேரம் இருந்தால் போங்கள்: மென்மையான சாறு, குழைந்த நூடுல்ஸ், பச்சை முட்டையின் மஞ்சள் கரு, அரியாகே கடலின் பாசித்தாள். மியசாகியை இந்த முறை விட்டுவிடலாம்.

எதோகவா

ஒசாகாவில் வாழ்பவரிடம் கியூஷுவை மட்டும் சொல்லி அனுப்புவது முறையாகாது. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் வாகயாமா இருக்கிறது. பன்றி எலும்புச் சாற்றோடு சோயா குழம்பு சேர்ந்த பழுப்பு நிற ராமென். உள்ளூரில் அதை ‘சூக்கா சோபா’ என்பார்கள், ராமென் என்று சொல்வது குறைவு. 1953-இல் தொடங்கிய ‘இதே ஷோதென்’ 1998-இல் யோகோஹாமாவின் ராமென் அருங்காட்சியகத்துக்குத் தற்காலிகமாக வந்தபோதுதான் நாடு முழுவதும் இதை அறிந்தது. அங்கே மேசைமேல் இலையில் பொதிந்த கானாங்கெளுத்தி மீன் சுஷியும் அவித்த முட்டையும் வைத்திருப்பார்கள். யாரும் கணக்கெடுப்பதில்லை, எத்தனை எடுத்தீர்கள் என்று பணம் கட்டும்போது நீங்களே சொல்ல வேண்டும்.

அதற்கு அப்பால் கடல் தாண்டினால் தொகுஷிமா. அங்கே இனிப்பும் உப்புமாக வதக்கிய பன்றி இறைச்சியும் பச்சை முட்டையும் மேலே வரும். சோற்றுக்குத் தொடுகறியாகவே அந்த ராமெனைச் சாப்பிடுகிறார்கள். நான் வாழும் தோக்கியோப் பக்கத்தில், லாரி ஓட்டுநராக இருந்த யோஷிமுரா மினோரு 1974-இல் யோகோஹாமாவில் ‘யோஷிமுராயா’வைத் திறந்து, கியூஷுவின் எலும்புச் சாற்றையும் தோக்கியோவின் சோயாவையும் கலந்து, கோழிக் கொழுப்பை மேலே ஊற்றித் தனி மரபு ஒன்றையே உருவாக்கினார்.

வாடை பற்றி இன்னொரு சொல். அடுப்பங்கரை எழுதியதைப் படித்த பிறகு, நான் வெறுப்பது கவிச்சியை மட்டும்தான் என்பது எனக்கே தெளிவாகிறது. குருமேவாசி அண்ணன் சொல்லும் முற்றிய வாசத்தை நான் இதுவரை அதன் ஊரில் சென்று முகர்ந்ததில்லை. நண்பர் சென்று வந்து சொல்லட்டும்.

நெல்லைப்பயணி

திரும்பி வந்துவிட்டேன். எதோகவா அண்ணன் கேட்டதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்.

குருமேயில் தாய்ஹோவின் வாசலுக்கு இருபது அடி முன்னரே வாசம் வந்துவிட்டது. ஒசாகாவில் என்னைத் திருப்பி அனுப்பிய வாடைக்கும் இதற்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒசாகாவில் வீசியது ஈரமான, தொண்டையில் ஒட்டும் வாடை. இங்கே வந்தது வறுத்த நெய்யின் அடிக்கசண்டை ஒத்த, காய்ந்த வாசம். ‘பழங்கால ராமென்’ என்று பட்டியலில் இருந்ததைக் கேட்டேன். பன்றிக் கொழுப்பை முறுக வறுத்த சிறு துணுக்குகள் சாற்றில் மிதந்தன. முதல் இரண்டு நிமிடம் மொறுமொறுவென்றும் பிறகு சாற்றை ஊறி மெத்தென்றும் ஆயின. சாறு உதட்டில் ஒட்டியது. குடித்து முடித்த கிண்ணத்தின் அடியில் ஆற்று மணலைவிட நுண்ணிய எலும்புத் தூள் ஒரு கரண்டியளவு படிந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் குருமேவாசி அண்ணன் எழுதிய, ஓசை மந்தமாகும் நேரம் என்னவென்று புரிந்தது.

மறுநாள் தமானா, அடுத்த நாள் குமாமோட்டோ. இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டதால் பூண்டு என்ன செய்கிறது என்பதை என்னால் சொல்ல முடிகிறது: தமானாவில் சாறு நாக்கின் மேல் அமர்ந்துவிடுகிறது, குமாமோட்டோவில் மாயுவின் கசப்பு அதை நாக்கிலிருந்து கழுவி அடுத்த வாய்க்கு இடம் தருகிறது. ககோஷிமாவில் முள்ளங்கி ஊறுகாயைக் கேட்காமலே வைத்தார்கள். அந்தச் சாறு வேறு குடும்பம் என்பது முதல் வாயிலேயே தெரிந்தது.

நாகஹாமாவுக்குக் கடைசி நாள் காலை ஆறரை மணிக்குப் போனேன். ‘கட்டா’ என்றேன், ஒரு நிமிடத்துக்குள் கிண்ணம் வந்துவிட்டது. இத்தனை ஊர்களுக்குப் பிறகு அந்தச் சாறு எதிர்பார்த்ததைவிட மிக இலேசாக இருந்தது. நூடுல்ஸின் வேகத்துக்கு அதுதான் ஏற்றது என்று பட்டது. பக்கத்தில் ரப்பர் காலணியோடு உட்கார்ந்திருந்தவர் கயேதமா இரண்டு கேட்டுச் சாப்பிட்டு, நான் முதல் கிண்ணத்தை முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். ஒசாகாவில் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தேன், அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வரும் சனிக்கிழமை வாகயாமா. எதோகவா அண்ணா, அந்த மீன் சுஷியை ராமெனோடு சாப்பிட வேண்டுமா, முடித்த பிறகா?

எதோகவா

இரண்டும் இல்லை. உட்கார்ந்து ராமெனுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குக் காத்திருக்கும்போதே முதல் பொதியைப் பிரித்துவிடுங்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டாவதைச் சாறு பாதியானதும் எடுக்கலாம். இலைகளை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கணக்குச் சொல்ல எளிதாக இருக்கும். நான் அடுத்த மாதம் குருமேக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன்.